மறக்க வேண்டாம், மன்னியுங்கள்

"பழசை நினைச்சா தூக்கமே வரலை டாக்டர்" என்று வருபவர்களிடம், 'மறந்துடுங்க' என்று நான் சொல்வதில்லை. மறப்பதற்குச் சூரணம் ஏது?

1999 ஜனவரியில் ஒடிசாவில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் இரு மகன்களும் வண்டிக்குள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார் மனைவி கிளாடிஸ். மறந்துவிட்டா சொன்னார்? வழக்கு கோர்ட்டில் நடந்தது. அவரோ பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோயாளிகளைக் கவனித்தார். அந்தத் தெம்பு அவருக்கு ஜெபத்தில் கிடைத்தது.

நீங்களும் விசுவாசியானால், உங்களைப் புண்படுத்தியவரின் பெயரைச் சொல்லியே ஆண்டவரிடம் முறையிடுங்கள். அழுகை வந்தால் அழுதுடுங்க. சீழை உள்ளே வைத்துக்கொண்டு மேலே களிம்பு தடவினால் புண் ஆறுமா? ஒரே நாளில் மனசு லேசாகாது, மாசக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் தூக்கமும் சாப்பாடும் அடியோடு கெட்டால், ஜெபத்தோடு மனநல மருத்துவரையும் பாருங்க.