குட்டி யானையும் அங்குசமும்

யானை வாங்கப் பணம் இருந்தவனுக்கு அங்குசம் வாங்கப் பணமில்லை என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர்கள் மோட்டார் வண்டியைக் கண்டதில்லை. ஆனாலும் திண்டுக்கல் வட்டாரத்தில் இன்று பழைய வண்டி வாங்குகிற பலருடைய கதையை அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.

2005-ம் ஆண்டில் டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற சிறிய சரக்கு வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முக்கால் டன் சுமை. உருவம் சிறிது, உழைப்புப் பெரிது. தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கம்பெனி வைத்த பெயரைவிட மக்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வர வேண்டுமா? குட்டி யானை. நிலக்கோட்டைக்கு விடியுமுன் மல்லிகை போய்ச் சேர வேண்டுமா? குட்டி யானை. நத்தத்து மாம்பழம், சின்னாளபட்டிச் சேலை மூட்டை, வீடு மாறுகிறவரின் கட்டில், பீரோ, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு வண்டி இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது.

புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே, பிறரிடம் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர், மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்குத் தவணைக் கடன் வாங்கி, கைமாறி வந்த வண்டி ஒன்றை வாங்குகிறார். அதில் தவறு ஒன்றுமில்லை. நாணயமான முயற்சிதான். தவறு வேறிடத்தில் இருக்கிறது. கையிலிருந்த கடைசி ரூபாய் வரை விலையாகக் கொடுத்துவிடுகிறாரே, அங்கேதான்!

விலை வேறு, செலவு வேறு

"தங்கமான வண்டி, அண்ணே! ஒரு வருஷத்துக்குக் கை வைக்கவே வேண்டாம்!" என்பார் விற்கிறவர். வாங்குகிறவரும் அதை நம்பவே விரும்புகிறார். வண்டிக்குப் பூவும் சந்தனமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வருகிறார். முதல் மாதம் நன்றாகப் போகிறது. இரண்டாம் மாதம் கிளச் வழுக்குகிறது. மூன்றாம் மாதம் பூக்கூடைகளோடு நடுவழியில் வண்டி நின்றுவிடுகிறது.

பூ காத்திருக்காது. வெயில் ஏறினால் விலை இறங்கும். அன்றைய வாடகை போயிற்று. பூக்காரரின் நம்பிக்கையும் போயிற்று. மெக்கானிக்குக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வண்டி பட்டறையில் பத்து நாள் நிற்கிறது. தவணைத் தேதி மட்டும் நிற்பதில்லை. ரிப்பேருக்காக வட்டிக்கு வாங்குகிறார். அந்த வட்டியைக் கட்டத் தவணையை விடுகிறார். கடைசியில் வண்டியும் போய், நகையும் போய், மறுபடி சம்பளத்துக்கே ஓட்டப் போகிறார்.

இவரை வீழ்த்தியது கிளச் பிளேட் அல்ல. கிளச் பிளேட்டுக்கு என்று ஒதுக்கி வைக்காத பணமே வீழ்த்தியது. பழைய வண்டியின் விலை என்பது விற்கிறவர் கேட்கும் தொகை மட்டுமல்ல. அந்த வண்டியைச் சரியான நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் சேர்த்ததே உண்மையான விலை. கையில் மூன்று லட்சம் இருப்பவர் இரண்டரை லட்சத்துக்கு மேல் வண்டி தேடக் கூடாது. மீதி ஐம்பதாயிரம் வண்டியின் முதல் ஆறு மாதத்துக்குச் சொந்தம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எவ்வளவு ஒதுக்குவது என்பதை வண்டியே சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும்.

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்ப்பது நல்லது. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைத் தின்கிறது என்று பொருள். பெரிய வேலை காத்திருக்கிறது. கறுப்புப் புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டீசல் அளவுக்கு மேல் போகலாம்; இது ஓரளவு சிறிய வேலை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போல வெளுத்திருந்தால் அந்தச் சந்தேகம் உறுதிப்படும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயாமலிருந்தாலும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த ரப்பர் வெடித்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்த்தி கெட்டிருக்கிறது. மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. அதைத் திருத்தி வைக்கிறவர்கள் உண்டு. பெடலின் தேய்மானமும் சீட்டின் கிழிசலும் அவ்வளவு எளிதில் பொய் சொல்லா.

இவற்றை எல்லாம் தனியாகப் பார்க்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. விற்கிறவருக்கு உறவில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போகலாம். ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றிக்கொள்வது நல்ல வியாபாரம்.

தினம் ஒரு தொகை

வண்டி வாங்கிய பிறகு கணக்கு எப்படிப் போட வேண்டும்? பலர் டீசல் போக மீதியை லாபம் என்று நினைக்கிறார்கள். அது லாபமல்ல. அதில் டயரின் பங்கு இருக்கிறது. பிரேக்கின் பங்கு இருக்கிறது. பாட்டரியின் பங்கும் இருக்கிறது.

உதாரணமாக, மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு டயர் 16,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றால், கிலோமீட்டருக்கு 40 காசு. ஆயிலும் வடிகட்டிகளும் 10,000 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய் என்றால் 25 காசு. பிரேக்கும் கிளச்சும் 40,000 கிலோமீட்டருக்கு 12,000 ரூபாய் என்றால் 30 காசு. ஆக 95 காசு. மாதத்துக்கு 1,900 ரூபாய்.

4,500 ரூபாய் பாட்டரி மூன்று ஆண்டு உழைத்தால் மாதம் 125 ரூபாய். இன்ஷூரன்ஸ், வரி, தகுதிச் சான்று எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்றால் மாதம் 2,500 ரூபாய். எஞ்சின், கியர் பெட்டி, பட்டை ஸ்பிரிங் என்று திடீரென வரும் பெரிய செலவுக்கு மாதம் 2,000 ரூபாய். எல்லாம் கூட்டினால் 6,525 ரூபாய். மாதத்தில் 26 நாள் வண்டி ஓடினால், நாள் ஒன்றுக்குச் சுமார் 250 ரூபாய்!

மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் தினம் 250 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு, டயர் வெடித்த நாள் சாதாரண நாளாகவே கழியும். எடுத்து வைக்காதவருக்கு அதே நாள் இடி விழுந்த நாள். இந்தக் கணக்கில் இன்னொரு பயனும் உண்டு. வாடகை பேசும்போது எந்தத் தொகைக்குக் கீழே போனால் நஷ்டம் என்பது தெரிந்துவிடும். போட்டிக்குப் போட்டி வாடகையைக் குறைத்து, தன் டயரைத் தானே தின்னும் அவலம் நேராது.

பாரம் தின்னும் லாபம்

முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் இரண்டு நடை ஒரு நடையாகிவிடும். டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். மிச்சம் ஆகும் டீசலைப்போலப் பல மடங்கு, ஸ்பிரிங்கிலும் டயரிலும் கிளச்சிலும் பேரிங்கிலும் போய்விடுகிறது. அந்தச் செலவு அன்றைக்குத் தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்துத் தெரிகிறது.

திண்டுக்கல் சமவெளி என்று பெயரே தவிர, நாலா பக்கமும் மலைகள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையும், 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைச் சாலையும் பழைய வண்டிக்குச் சோதனைக் களங்கள். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். பிரேக் லைனிங்கை அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர் தம் பணத்தோடு மட்டும் விளையாடவில்லை. சாலையோரம் நடந்துவரும் பள்ளிக்கூடப் பிள்ளையின் உயிரோடும் விளையாடுகிறார். ரிப்பேர் பணத்தை ஒதுக்கி வைப்பது சிக்கனம் மட்டுமன்று, தர்மமும் ஆகும்.

காகிதமும் ஒரு பாகந்தான்

எஞ்சின் நன்றாக இருந்து காகிதம் கெட்டிருந்தாலும் வண்டி வீதியில் ஓட முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தகுதிச் சான்று இல்லாவிட்டால் அதன் பதிவே செல்லாததாகக் கருதப்படும். எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் இந்தச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வயதான வண்டியை வாங்குகிறவர் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் செலவை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாயிற்று. மலிவு என்று வாங்கிய கிழட்டுக் கார், மலிவாகவே இருக்கப்போவதில்லை.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. வாங்கியவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே விற்றவருக்கு 14 நாள்தான் கெடு. 'யாரோ ஓட்டுகிறார்கள், எனக்கென்ன?' என்று விற்றவர் சும்மா இருந்துவிட முடியாது. பல கை மாறியும் பதிவில் பெயர் மாறாத ஒரு காரால் விபத்து நேர்ந்த வழக்கில், யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முந்தைய கடன் தீர்ந்து, அடமானக் குறிப்பு பதிவிலிருந்து நீங்கியிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டும். கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கே உதவும். சொந்த வண்டியின் ரிப்பேருக்கு ஒரு காசும் தராது.

பெரியவர் காட்டிய வழி

இந்தப் பக்கத்தில் மோட்டார்த் தொழிலுக்கு வழி வகுத்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1912-ல் மதுரையில் பஸ் விடத் தொடங்கினார். பஸ் ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது எரிவாயுக் கருவி செய்து வண்டிகளை ஓடவைத்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. வண்டி வைத்திருப்பது வேறு, வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பது வேறு என்பதை அறிந்த கை அது. நூறு பஸ் வைத்திருந்தவருக்குப் பொருந்திய விதி, ஒரே ஒரு குட்டி யானை வைத்திருப்பவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். நூறில் ஒன்று நின்றால் தொண்ணூற்றொன்பது ஓடும். ஒன்றில் ஒன்று நின்றால் அடுப்பே நின்றுவிடும்.

கடன் கொடுக்கிறவர்களுக்கும் இதில் கடமை உண்டு. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது, வாங்குகிறவர் கையில் முதல் ரிப்பேருக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தவணை நிற்பதற்கு முன்னால் வண்டி நின்றிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. மார்க்கெட்டை நம்பி ஓட்டுகிற வண்டிக்காரர்கள் பத்துப் பேர் கூடி மாதம் ஒரு தொகை போட்டு, வண்டி நின்றவருக்குக் கைமாற்றாகக் கொடுத்து உதவலாம். சீட்டுக் கட்டிப் பழகிய மக்களுக்கு இது புது வழி அல்ல.

திண்டுக்கல், பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர். அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரார் பொருளைக் காக்கப் பூட்டுச் செய்து கொடுத்த ஊரில், வண்டிக்காரர் வீட்டில் ஒரு சிறு பெட்டியும் ஒரு நல்ல பூட்டும் இருக்கட்டும். தினம் மாலையில் வண்டியை நிறுத்தியதும், வண்டியின் பங்கு முதலில் அதில் விழட்டும். சாவி வீட்டு அம்மாளிடம் இருக்கட்டும். அடகுக் கடையிலிருக்கும் நகை ஒருநாள் அவர் கழுத்துக்குத் திரும்பி வர வேண்டுமானால், அந்தப் பெட்டி வழியாகத்தான் வரும்.