முழுக் கணக்கையும் காட்டுவீர்களா?

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவோருக்கு இது மிகவும் பொருந்தும். “நானாகவே கற்றுக்கொண்டேன், ஒரே நாளில் இவ்வளவு சம்பாதித்தேன்” என்று சிலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். அதை நம்பி, மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. இத்தகையோரை நம்பலாமா?

தாமாகக் கற்றவர் என்பதற்காக ஒருவரை இகழ்வது தவறு. நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் வணிகவியல் படித்தார்கள்? ஆயினும் வீட்டுக் கணக்கைக் காலணா பிசகாமல் வைத்திருந்தார்களே! ஆகவே நாம் கேட்க வேண்டியது, “என்ன படித்தீர்கள்?” என்பதன்று, “முழுக் கணக்கையும் காட்டுவீர்களா?” என்பதே.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல சான்று. இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1983ஆம் ஆண்டில் பெண்கள் சிலர் ஒரு முதலீட்டுச் சங்கம் தொடங்கினர். மாதந்தோறும் சிறு தொகை சந்தா கட்டி, தாங்களே படித்து, கலந்து பேசிப் பங்குகளை வாங்கினர். பத்தாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 23.4 சதவீதம் வருவாய் கண்டதாக அவர்களது நூல் கூறியது. நூல் இலட்சக்கணக்கில் விற்றது. பாட்டிமார் பங்குச் சந்தையையே வென்றுவிட்டார்கள் என்று உலகம் வியந்தது.

1998இல் சிக்காகோ நகரத்து இதழாளர் ஒருவர் அந்தக் கணக்கில் ஐயம் எழுப்பினார். உறுப்பினர் கட்டிய சந்தாவும் வருவாயோடு சேர்ந்திருந்தது! தணிக்கை நிறுவனம் ஆராய்ந்தபோது, உண்மை வருவாய் ஆண்டுக்கு 9.1 சதவீதமே என்று தெரிந்தது. அதே பத்தாண்டுகளில் அமெரிக்கச் சந்தையின் பொதுக் குறியீடோ 14.9 சதவீதம் வளர்ந்திருந்தது.

இந்தப் பிழை எளிதில் நேரக்கூடியதே. உண்டியலில் 100 ரூபாய் இருக்கிறது. மாதம் 10 ரூபாய் வீதம் போட்டால் ஆண்டு முடிவில் 220 ரூபாய் இருக்கும். நூறு இருநூற்று இருபதாயிற்றே என்று துள்ளலாமா? போட்டதெல்லாம் நம் பணம். இலாபம் ஒரு காசும் இல்லை.

அந்தப் பெண்கள் தவறிவிட்டார்கள் என்பது உண்மை. எனினும் ஐயம் எழுந்தபோது ஏட்டை மூடி வைக்கவில்லை. தணிக்கைக்குத் தாங்களே இசைந்தார்கள். குறைந்த எண் வெளிவந்ததும் பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள். 23.4 என்று சொன்ன நாளைவிட 9.1 என்று ஒப்புக்கொண்ட நாளில்தான் அவர்கள் நம்பத் தகுந்தவர்கள் ஆனார்கள் என்பது என் கருத்து.

நம் நாட்டு நிலை என்ன? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குகளின் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டம் அடைந்தனர். ஆனால் நம் கண்ணில் படுவதெல்லாம் வெற்றிப் படங்களே! அந்தத் தொண்ணூற்று மூவரின் படங்கள் எங்கே போயின?

“பத்தில் ஒன்பது முறை வென்றேன்” என்பதும் போதாது. ஒன்பது முறை நூறு நூறாகப் பெற்று, ஒரே முறை ஆயிரம் இழந்தால் கையில் மிஞ்சுவது 100 ரூபாய் நட்டமே. ஆகவே, எத்தனை ஆண்டுக் கணக்கு, செலவும் வரியும் கழித்தாயிற்றா, நட்டமடைந்த நாள்களும் அதில் உண்டா, வேறொருவர் சரிபார்த்தாரா என்று கேளுங்கள். கேட்டவுடன் சினம் கொள்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

தோழியரே, தமிழில் 90 வாங்கியதைக் காட்டி, கணிதத்தில் 30 வாங்கியதை மடித்து மறைத்தால் அப்பா மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுவாரா? மாட்டார். அதே கண்டிப்பைப் பெரியவர்கள் பிறர் காட்டும் கணக்கிலும் கொள்ளட்டும். நாமோ, நம் குறைந்த மதிப்பெண்ணையும் மறைக்காமல் நீட்டப் பழகுவோம். நாளை நம்மை நம்பிப் பிறர் பணம் ஒப்படைக்கும்போது, அந்தப் பழக்கமே நமக்குத் துணை நிற்கும்.