பேராசிரியரின் பழைய கடன்

அமெரிக்காவில் ஆசிரிய ஸ்தானத்துக்கு உயர் பட்டம் அவசியம் என்று விதித்திருப்பவை அந்நாட்டுச் சர்வகலாசாலைகளே; அந்தப் பட்டத்தை நோக்கிய நெடும்படிப்புக்குக் கட்டணம் நிர்ணயித்து வசூலிப்பவையும் அவையே; ஆகையால், அப்படிப்புக்காக வாங்கிய கடனைத் தீர்க்க ஆசிரியருக்குக் கைகொடுப்பதை, வைத்தியக் காப்பீட்டையும் ஓய்வுக்கால நிதியையும் போல ஊழியத்தின் ஓர் அங்கமாகவே கொள்ளவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது அங்கே புதிய சிந்தனையன்று. ஸோவியத் ருஷ்யாவின் செயற்கைக்கோள் எழுப்பிய பதற்றத்தில் 1958-இல் பிறந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பொதுப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர்ந்தவர்களுக்கு மாணவர் கடனில் பாதி வரை தள்ளுபடி செய்தது. 2007-இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம், அரசாங்கத்திலோ லாப நோக்கற்ற ஸ்தாபனத்திலோ முழுநேரம் பணியாற்றி 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவர்களின் எஞ்சிய கடனை நீக்குகிறது.

முழுநேரம் என்னும் அந்த நிபந்தனைதான் பலரை வெளியே நிறுத்தியது. அமெரிக்க உயர்கல்வியில் கற்பிப்பவர்களுள் பெரும்பாலோர் இன்று நிரந்தர உத்தியோகத்துக்குப் புறம்பானவர்கள். பருவந்தோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில், பாடமொன்றுக்கு இவ்வளவு என்று சம்பளம் பெற்று, காலையில் ஒரு கல்லூரியிலும் மாலையில் மற்றொன்றிலும் வகுப்பெடுப்பவர்கள் அவர்களுள் அநேகர். பாடத்துக்கு ஆயத்தமாவதையும் விடைத்தாள் திருத்துவதையும் மாணவரின் சந்தேகம் தீர்ப்பதையும் ஒதுக்கிவிட்டு, வகுப்பில் நின்ற நேரத்தை மட்டும் எண்ணினால், மூன்று பாடம் நடத்துபவர் வாரத்துக்கு 9 மணி நேரமே உழைத்தவர் ஆகிறார். திட்டமோ 30 மணி கேட்கிறது. 2023 ஜூலை முதல் அமலில் உள்ள விதி, கற்பித்த ஒவ்வொரு மணியையும் 3.35-ஆல் பெருக்கச் சொல்வதால், அந்த 9 மணி 30-ஐச் சற்றே கடக்கிறது. பல கல்லூரிகளில் உழைத்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளவும் இடமுண்டு. கண்ணில் படாதிருந்த உழைப்புக்கு அரசாங்கம் எழுத்தில் தந்த அங்கீகாரம் என்றே இதை மதிக்கிறேன்.

ஆயினும் பத்து வருஷம் காத்திருப்பது எளிதன்று. 2017-இல் தள்ளுபடிக்கு உரிய முதல் காலம் கனிந்தபோது, கடனின் வகையோ தவணைத் திட்டமோ பொருந்தவில்லை என்பது போன்ற காரணங்களால் 100-க்கு 99 விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஆகவே சர்வகலாசாலைகள் நேராகவே உதவவேண்டும். சட்டமும் அதற்கு வழி திறந்திருக்கிறது. வரிச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு 2020-இல் விரிவடைந்ததன் பயனாக, ஊழியரின் கல்விக் கடனுக்கு நிர்வாகம் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் செலுத்தலாம். 2025-இல் இச்சலுகை நிரந்தரமாயிற்று. கடன் தவணையையே சேமிப்பாக மதித்து ஓய்வுக்கால நிதியில் நிர்வாகம் தன் பங்கைச் சேர்க்கவும் 2024 முதல் அனுமதி இருக்கிறது.

கடனில்லாத ஆசிரியருக்கு இது அநீதியாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசிரியரின் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அளிப்பது அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம். குழந்தையில்லாத ஆசிரியருக்கு அநீதி என்று சொல்லி எவரும் அதை நிறுத்தியதில்லை. மகனின் படிப்புக்குக் கொடுக்கும் நிர்வாகம், தந்தையின் படிப்புக்கு மட்டும் கொடுக்கத் தயங்குவது எந்த நியாயம்?

இந்த உதவியை நிரந்தர ஆசிரியரோடு நிறுத்திவிடுவது, சம்பளம் குறைந்தவனை விட்டுவிட்டு வசதியுள்ளவனுக்கு வழங்குவதாகும். பகுதிநேர ஆசிரியருக்கு, அவர் நடத்தும் பாடங்களின் விகிதப்படி இதில் பங்கு தரவேண்டும். தள்ளுபடி மனுவுக்கு வேண்டிய ஊழியச் சான்றிதழை, 3.35 கணக்கின்படி, பருவம் முடியும்போதெல்லாம் அவர் கேளாமலே நிர்வாகம் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். இந்த இரண்டாவது காரியத்துக்குப் பெரிய செலவும் இல்லை.