வாய்க்கால் நகரில் இரு தினங்கள்

வார இறுதி விடுமுறையொன்றில் அம்ஸ்ரர்டாம் நகருக்குச் சென்று இரண்டு பகலும் ஓர் இரவும் தங்கி வந்தோம். இதை ஒரு பெரும் பயணம் என்று எவரும் கொள்ளார். நாம் வாழும் றூர் பிரதேசத்தின் டூயிஸ்பேர்க் நிலையத்தில் ரயிலேறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்கு இறங்கிவிடலாம். எமது அயலிலுள்ள ஜேர்மானியர் காலையிற் சென்று பாற்கட்டி வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்புகின்றனர். ஆயினும், அந்த இரண்டு மணி நேரத் தொலைவைக் கடக்க எம்மவர்க்கு எத்தனை ஆண்டுகள் எடுத்தன என்பதை வாசகர் பலரும் அறிவர்.

1982 ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பம் முடிவாகும்வரை தத்தமக்குரிய மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறலாகாது என விதித்தது. பக்கத்து மாவட்டத்துச் சாமத்தியச் சடங்குக்குச் சென்று தண்டம் கட்டியவர்கள் எம்மிடையே உளர். அக்காலத்தில் அம்ஸ்ரர்டாம் எமக்குச் சந்திர மண்டலத்துக்கு ஒப்பான தூரத்தில் இருந்தது. பின்னர் வதிவிட அனுமதி கிடைத்தது, பயணப் பத்திரம் கிடைத்தது, குடியுரிமையும் கிடைத்தது. அப்போது வேலையும் பிள்ளைகளின் படிப்பும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும் எம்மை இருந்த இடத்திலேயே இருத்திவிட்டன. சுற்றுலா என்பது மற்றவர்க்குரியது என்றொரு கூச்சமும் நெடுங்காலம் எம்மை விட்டு அகலவில்லை.

இம்முறை எம்மை இழுத்துச் சென்றவள் பன்னிரண்டு வயதுப் பேத்தி. ஆன் பிராங்கின் நாட்குறிப்பைப் பாடசாலையில் வாசித்துவிட்டு அந்த வீட்டைப் பார்த்தேயாகவேண்டும் என்று நின்றாள். எமது அத்தானும், தமக்கையாரின் கணவர், உடன் வந்தார். அவர் காரைநகரிற் பிறந்தவர். "நான் பிறந்ததும் அம்ஸ்ரர்டாம்தான், தெரியுமோ?" என்று ரயிலில் பேத்தியிடம் கேட்டுச் சிரித்தார். அது பகிடியன்று. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், எமது தீவுகளுக்குத் தமது நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. அக்காலத்தில் காரைதீவு எனப்பட்ட காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் மதகுருவாக இருந்த பல்தேயஸ் பாதிரியார் எமது நாட்டைப்பற்றி எழுதிய பெருநூல் அச்சேறியதும் இதே அம்ஸ்ரர்டாமில், 1672 இல்.

நகரத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். அது சதுப்பு நிலத்தின்மேல் எழுந்தது. மரக்குற்றிகளைச் சேற்றினூடாக அடியிலுள்ள மணற்படைவரை இறக்கி, அவற்றின்மேல் வீடுகளைக் கட்டினர். அரண்மனையாக இன்றுள்ள பழைய நகரமண்டபம் 13,659 குற்றிகளின்மேல் நிற்கிறது என்று ஒவ்வொரு வழிகாட்டியும் மனனஞ் செய்து ஒப்புவிக்கிறார். 1613 முதல் வெட்டப்பட்ட மூன்று பெரு வாய்க்கால்கள் நகரின் மையத்தைப் பிறைபோல் வளைத்து ஓடுகின்றன. இவ் வாய்க்கால் வலயத்தை 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. கரையோர வீடுகள் ஒடுங்கி உயர்ந்தவை. சில முன்னோக்கிச் சாய்ந்தும் நிற்கின்றன. படிகள் மிக ஒடுக்கமாதலால், தளபாடங்களை முகட்டிலுள்ள கொக்கியிற் கயிறு கட்டி யன்னலால் ஏற்றுவர்.

படகிலிருந்து அவ்வீடுகளின் அழகைக் கண்டு மகிழ்ந்தோம். எனினும், எமது நாட்டுக் கறுவாவும் யானைகளும் சாயவேரும் கப்பலேறிச் சென்ற காலத்தில் எழுந்த மாளிகைகள் இவை என்ற எண்ணமும் கூடவே வந்தது. கிழக்கிந்தியக் கொம்பனியின் பழைய தலைமையகம் இப்போது பல்கலைக்கழகத்துக்குரியது. அதைத் தேடி நடக்கையில் ஒரு யன்னலில் 'கந்தோர்' என்ற சொல் ஒல்லாந்த எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அத்தான் தடியை ஊன்றி நின்றுவிட்டார். "உது எங்கட கந்தோர் எல்லோ!" என்றார். அவருடைய தகப்பனார் 'கந்தோருக்குப் போறன்' என்று சொல்லியே நாற்பது ஆண்டுகள் வேலைக்குச் சென்றவர். கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, போஞ்சி, கக்கூசு என்று எமது வாயில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்களைப் பேத்திக்கு எண்ணிக் காட்டினோம். கடைசிச் சொல்லே அவளுக்குப் பெரிதும் பிடித்துப்போயிற்று.

மறுநாட் காலை பிறின்சன்கிறாக்ற் வாய்க்காலோரம் 263 ஆம் இலக்க வீட்டிற்குச் சென்றோம். நுழைவுச் சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும். பல வாரங்களுக்கு முன்பே தேதியும் நேரமும் குறித்து வாங்கவேண்டும். படிகள் செங்குத்தானவை. முழங்கால் நோவுள்ளவர்கள் யோசித்துச் செல்வது நன்று. அத்தான் பாதியில் இரு தடவை இளைப்பாற நேர்ந்தது.

அசையும் புத்தக அலுமாரியின் பின்னால், 1942 யூலை முதல் 1944 ஓகஸ்ட் 4 வரை, எட்டுப்பேர் மறைந்திருந்தனர். அறைகள் வெறுமையாகவே வைக்கப்பட்டுள்ளன. உயிர்தப்பிய தந்தை ஒற்றோ பிராங்கின் விருப்பம் அது. சுவரில் ஓரிடத்தில் பென்சிற் கோடுகள். இரு பெண்பிள்ளைகளும் வளர்ந்த உயரத்தைப் பெற்றோர் அவ்வப்போது குறித்திருக்கின்றனர். வெளியே கால் வைக்கமுடியாத அந்த இரண்டாண்டுகளில் ஆன் 13 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்திருந்தாள். எமது முதலாவது அகதி முகாமின் அறைக் கதவிலும் இத்தகைய கோடுகள் இருந்தன. துணைவியார் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றார். நாம் ஒன்றும் பேசவில்லை.

வெளியே வந்ததும் பேத்தி கேட்டாள்: "ஏன் அம்மப்பா, அவை வேற நாட்டுக்குப் போயிருக்கலாந்தானே?"

இக்கேள்விக்கு எம்மிடம் விடை இருந்தது. அவர்கள் ஏற்கனவே வேறு நாட்டுக்கு வந்தவர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் பிராங்பேர்ட்டை விட்டு ஒல்லாந்துக்கு வந்த அகதிக் குடும்பம் அது. ஒற்றோ பிராங்க் 1938 இலேயே றொட்டர்டாமிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார். காத்திருப்போர் வரிசை நீண்டிருந்தது. 1940 மே 14 அன்று ஜேர்மன் விமானங்கள் றொட்டர்டாமில் குண்டு பொழிந்தன. துணைத்தூதரகமும் அதிலிருந்த கோவைகளும் எரிந்தன. 1941 இல் மீண்டும் முயன்றார். அமெரிக்காவிலிருந்த செல்வாக்குள்ள நண்பருக்கு எழுதினார். பிணை நிற்க உறவினரும் முன்வந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மன் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதரகங்கள் மூடப்பட்டன. நவம்பரில், வெளிநாட்டில் வாழ்ந்த ஜேர்மன் யூதர் யாவரினதும் குடியுரிமை பறிக்கப்பட்டு, அவர்கள் நாடற்றவர் ஆயினர். வரிசை, கோவை, பிணை, நாடற்றவர் என்ற இச்சொற்களை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பேத்திக்கு ஒவ்வொன்றையும் விளக்கவேண்டியிருந்தது. விளக்கிக்கொண்டே டிராம் தரிப்பிடத்தைத் தவறவிட்டோம்.

பிற்பகலில் பழைய யூதர் குடியிருப்புப் பகுதிக்குச் சென்றோம். சுற்றுலாப் பயணிகள் பலர் இங்கு வருவதில்லை, வருவது நன்று. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இருந்து ஓடிவந்த யூதர்கள் 1675 இல் கட்டிய தொழுகைக்கூடம் இங்குள்ளது. அதன் பெருமண்டபத்துக்கு இன்றளவும் மின்விளக்கு இல்லை, மெழுகுதிரிகளே. இவ்வாறு அகதிகளை ஏற்று வளர்ந்த நகரம் இது.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், விலங்குக் காட்சிச்சாலைக்கு அருகில், போர்க்காலத்திற் குடிசனப் பதிவகம் இருந்த கட்டடம் வரும். ஒல்லாந்தர் எதையும் ஒழுங்காக எழுதிவைப்பவர்கள். யாழ்ப்பாணத்திலும் எமது காணிகளைத் தோம்புகளில் எழுதினர். தேசவழமையை 1707 இல் எழுத்தில் வடித்தனர். அதே ஒழுங்குடன் இந்நகரத்தாரின் பெயர், முகவரி, சமயம் யாவும் அட்டைகளில் இருந்தன. படையெடுத்து வந்தவர்க்கு அவ்வட்டைகளே போதுமானவையாயின. 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பியக்கத்தினர் பொலிசாரின் சீருடையில் உட்புகுந்து, காவலரைக் கொல்லாது அப்புறப்படுத்தி, கட்டடத்தைத் தகர்த்தனர். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதித்தும், தேவைக்கு மேலாக நீர் பாய்ச்சியும் அட்டைகளை அழிய விட்டனர். பின்னர் பிடிபட்ட பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு கோவை எரிந்ததால் ஒரு குடும்பம் அழிந்ததையும், கோவைகளை எரித்து மனிதரைக் காக்க முயன்றதையும் ஒரே நாளில் அறிந்தோம்.

2021 இல் திறக்கப்பட்ட பெயர்ச்சுவரும் அருகிலேதான் உள்ளது. கட்டணமில்லை. நாசிகளால் கொல்லப்பட்ட யூதர், சிந்தி, றோமா மக்களில் 102,000 க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ளன. ஒரு பெயருக்கு ஒரு செங்கல். பெயரும், பிறந்த தேதியும், இறந்தபோதிருந்த வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் பத்து, இருபது கற்களுக்குத் தொடர்கிறது. அத்தான் ஒவ்வொன்றாக வயதை வாசித்துச் சென்றார். அவருடைய தம்பியின் மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் பேருந்தொன்றில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் உளர். அதன்பின் தகவல் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் தாய்மார் படங்களுடன் அமர்ந்தபோது, அத்தம்பியின் மனைவியும் அவர்களுடன் அமர்ந்தார். "ஒரு கல்லெண்டாலும் இருந்தாப் போய்த் தொடலாம்" என்று மட்டும் அத்தான் சொன்னார். பேத்தி நிலத்திலிருந்து ஒரு சிறு கூழாங்கல்லை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அங்கு மற்றவர்கள் வைத்திருந்த கற்களுடன் அதையும் அவர் வைத்தார்.

செல்ல விரும்புவோர்க்குச் சில செய்திகள். மத்திய ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து அக்கரைக்குச் செல்லும் படகுச்சேவை இலவசம். பிள்ளைகள் பெரிதும் மகிழ்வர். சைக்கிள் பாதையிற் கால் வைத்துவிடாதீர்கள். அங்கு மணியடிக்கும் சைக்கிளுக்கே முதலுரிமை. உணவுக்குச் சுரினாம் நாட்டவரின் ரொட்டிக் கடைகளை நாடலாம். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாமுக்குக் கப்பலேற்றப்பட்டோரின் சந்ததியினர் அவர்கள். கறியும் ரொட்டியும் பயிற்றங்காயும் எமது நாவுக்கு அந்நியமானவை அல்ல. உறைப்பு மட்டும் கேட்டு வாங்கவேண்டும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் அடையாளப் பத்திரம் காட்டக் கடப்பாடுடையவர். பயணப் பத்திரத்தை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்.

எல்லையில் 2024 செப்டெம்பரில் ஜேர்மனி மீண்டும் சோதனையைத் தொடங்கியது. திரும்பும் வழியில் எமது ரயிலிலும் இரு பொலிசார் ஏறினர். அத்தான் ஜேர்மன் குடியுரிமை பெற்று இருபத்தைந்து ஆண்டுகளாகின்றன. இருந்தும் அவர்கள் பெட்டியின் மறுமுனையில் தோன்றியவுடனேயே கடவுச்சீட்டைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர்கள் எம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடந்து போயினர். டூயிஸ்பேர்க் வரும்வரை அவர் அதைப் பைக்குள் வைக்கவில்லை.