ஆசிரியர் அழைக்காத வகுப்பறை

 

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், திருமணத்தின் பின் படிப்பை இடையில் விட்ட இளம் தாய்மார், கடையிலோ காரியாலயத்திலோ வேலை செய்துகொண்டே இன்னுமொரு தகைமையைத் தேடும் வாலிபர்கள் ஆகியோரிடம் இன்று ஒரு பொதுவான ஆசையைக் காண்கிறோம். இணையத்தில் ஒரு கற்கைநெறியைப் படித்து முடிக்க வேண்டும் என்பதே அது. ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. பஸ் கட்டணமில்லை, விடுதிச் செலவில்லை. பிள்ளை தூங்கும் நேரத்திலும் படிக்கலாம். நல்ல ஆசைதான்.

ஆனால், ஆரம்பிப்பவர்கள் பலர், முடிப்பவர்கள் சிலர். இடையில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், "எனக்கு இதெல்லாம் சரிவராது" என்று சொல்லிவிடுகிறார்கள். பணம் போனால் மீண்டும் உழைக்கலாம். தன்னால் படிக்க முடியாது என்ற எண்ணம் ஒருமுறை உள்ளத்தில் குடியேறிவிட்டால் அதை வெளியேற்றுவது கடினம். எனவேதான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன். பாதை தெரியாமல் திரும்பி வந்தவரை நடக்கத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. இவர்களுள் பலரும் அப்படித் திரும்பியவர்களே.

ஒரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரீ. நிறுவனமும் இணைந்து 2012இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தைத் தொடங்கின. முதலாண்டில் நடத்திய 17 கற்கைநெறிகளின் விவரத்தை 2014இல் வெளியிட்டன. மொத்தப் பதிவுகள் 841,687. அவற்றுள் 292,852 பதிவுகளுக்குரியோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 469,702 பதிவுகளில் பாதிக்கும் குறைவாகவே பார்க்கப்பட்டிருந்தது. பாதியோ அதற்கு மேலோ பார்த்தும் சான்றிதழ் பெறாதவை 35,937 மாத்திரமே. சான்றிதழ் பெற்றவை 43,196.

இந்த எண்களில் நமக்கொரு பாடம் இருக்கிறது. பாதி வழியைத் தாண்டியபின் விட்டவர்களைவிடச் சான்றிதழ் பெற்றவர்கள் அதிகம். அதிகமானோர் தொலைந்துபோனது வாசலிலும் முதற் சில பாடங்களிலும்தான். அக்கற்கைநெறிகளும் பெரும்பாலும் வாரத்துக்கு வாரம் திகதி குறித்து நடந்தவை. திகதியே இல்லாமல் அவரவர் வேகத்தில் படிக்கும் கற்கைநெறியில் வாசலைக் கடப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வகைப் படிப்பு?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகள் சூம் வகுப்புகளுக்குப் பழகினார்கள். அதில் நேரம் உண்டு, ஆசிரியர் உண்டு. வராவிட்டால் வட்ஸ்அப்பில் கேள்வி வரும். சுயவேகக் கற்கைநெறி அப்படியன்று. பாடங்களை முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்து, வினாக்களையும் தயாரித்து, அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் வந்தாலும் அங்கேதான் இருக்கும். வராவிட்டாலும் அங்கேதான் இருக்கும். "ஏன் வரவில்லை?" என்று வாய்திறந்து கேட்க ஒருவரும் இல்லை.

தூரத்திலிருந்து படிப்பது புதிய விடயமல்ல. இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1840இலேயே சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்பித்தார். மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பியனுப்பினார். நம் நாட்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் ஆரம்பமானது முதல், தொழில் செய்வோரும் குடும்பப் பெண்களும் வீட்டிலிருந்து படித்து பட்டம் பெற்று வருகிறார்கள். பிட்மனின் மாணவருக்குத் திருத்தம் தபாலில் வந்தது. உங்களுக்கு அது கணினியிலிருந்து வருகிறது. அந்தத் திருத்தம் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று அறிந்துகொள்வதே வழி அறிவதில் பாதி.

முதல் நாள் படிக்க வேண்டாம்

அறபுக் கல்லூரிகளில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. ஒரு கலையை ஆரம்பிக்கும்போது உஸ்தாத் நேரடியாகப் பாடத்துக்குள் இறங்கமாட்டார். அக்கலையின் வரைவிலக்கணம் என்ன, அது எதைப் பற்றிப் பேசுகிறது, அதைக் கற்பதன் பயன் என்ன, அதை வகுத்தவர் யார் என்றவாறு பத்து அடிப்படைகளை முதலில் சொல்லித் தருவார். போகுமிடம் தெரியாமல் புறப்படக்கூடாது என்பதே இதன் கருத்து.

இணையக் கற்கைநெறிக்கும் அதையே செய்யுங்கள். பதிவு செய்த முதல் நாள் ஒரு பாடமும் பார்க்க வேண்டாம். ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, புதிய வீட்டுக்குக் குடிபோனவர் அறை அறையாகப் பார்ப்பதுபோல், ஒரு மணித்தியாலம் சுற்றிப் பாருங்கள். பின்வரும் ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: மொத்தம் எத்தனை பகுதிகள்? ஒவ்வொன்றிலும் எத்தனை பாடங்கள், எத்தனை நிமிடங்கள்? பக்கத்தின் ஓரத்தில் உள்ள பட்டியலில் இது இருக்கும். "நான்கு வாரம்" என்று எழுதியிருந்தால் அது அவர்களின் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கில் அது எட்டு வாரமாகலாம். தவறில்லை.

இரண்டு: புள்ளி எதற்கு? சில வினாக்கள் பயிற்சிக்கு மாத்திரம். சில வினாக்கள் சான்றிதழுக்குக் கணக்கெடுக்கப்படும். சித்தியடைய எத்தனை வீதம் தேவை, எத்தனை தடவை முயலலாம், நேரக் கட்டுப்பாடு உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று: கடைசித் திகதி உண்டா? "உங்கள் வேகத்தில்" என்றால் காலவரையறையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற புகழ்பெற்ற கணினி அறிமுகக் கற்கைநெறியை உலகில் எவரும் தம் வேகத்தில் படிக்கலாம். ஆயினும் அதற்கும் ஆண்டிறுதி என்றொரு எல்லை வைத்திருக்கிறார்கள். வேறு சில தளங்களில், இலவசமாகப் பார்ப்பவருக்குப் பாடங்கள் குறித்த காலத்தின் பின் மூடிக்கொள்ளும்.

நான்கு: பணம் எங்கே? பாடம் இலவசமாக இருக்கும், சான்றிதழுக்குக் காசு கேட்பார்கள். மேற்சொன்ன சி.எஸ்.50இல் எல்லா ஒப்படைகளையும் முடித்தவருக்கு ஹாவர்ட் ஆசிரியர் குழுவின் சான்றிதழ் இலவசம். எட்எக்ஸ் தளம் அடையாளத்தை உறுதிசெய்து தரும் சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. இரண்டும் வேறு வேறு. இன்னும் சில தளங்களில் "ஏழு நாள் இலவசம்" என்று வங்கி அட்டை இலக்கத்தை வாங்கிக்கொள்வார்கள். எட்டாம் நாள் மாதக் கட்டணம் தானாகவே கழியும். படிப்பை நிறுத்தினாலும் கட்டணம் நிற்காது. நீங்கள்தான் அதை இரத்துச் செய்ய வேண்டும். அட்டை இலக்கத்தைக் கொடுக்கும் அன்றே, எங்கே இரத்துச் செய்வது என்பதையும் தேடி எழுதி வையுங்கள். வசதி குறைந்தோருக்கு நிதியுதவி விண்ணப்பம் வைத்திருக்கும் தளங்களும் உள்ளன. கேட்பதில் வெட்கமில்லை.

ஐந்து: சான்றிதழில் எந்தப் பெயர் வரும்? விளையாட்டாகப் பாதிப் பெயரில் பதிவு செய்துவிட்டு, பிறகு அடையாள அட்டையிலுள்ள பெயருடன் பொருந்தாமல் அவதிப்பட வேண்டாம்.

உள்ளே நடக்கும்போது

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவும் பாவிப்பது மூடில் என்ற மென்பொருளை. அவுஸ்திரேலியரான மார்ட்டின் டுகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட இது இலவசமானது. இதன் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொண்டால் ஏனைய தளங்களும் இலகுவாகும்.

பாடத்தின் பக்கத்தில் பூட்டு அடையாளம் கண்டால் தளம் பழுதென்று எண்ணாதீர்கள். முந்திய பாடத்தை முடித்தால் பெரும்பாலும் அது திறக்கும். சில பாடங்கள் பார்த்தவுடன் தாமாகவே "முடிந்தது" என்று குறிக்கப்படும். சிலவற்றில் நீங்கள் அழுத்திக் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்த பின்பும் சான்றிதழ் வரவில்லையென்றால், முதலில் குறிக்காமல் விடுபட்ட இடத்தைத் தேடுங்கள்.

சிறு பரீட்சை எழுதும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். கடைசி வினாவுக்கு விடையளித்து "முடி" என்று அழுத்தினால் அலுவல் முடியவில்லை. அடுத்து வரும் பக்கத்தில் "அனைத்தையும் சமர்ப்பி" என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும். அதை விட்டால் விடைத்தாளை எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வந்த கதையாகிவிடும். ஒப்படைகளும் அப்படித்தான். கோப்பை ஏற்றுவது வேறு, சமர்ப்பிப்பது வேறு. சமர்ப்பித்ததும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டே வெளியேறுங்கள்.

ஒளிப்பதிவில் ஆங்கிலம் வேகமாகப் போகிறதா? வேகத்தைக் குறைக்கலாம். அடியில் எழுத்தை வரச்செய்யலாம். பேச்சு முழுவதையும் எழுத்தில் தரும் தளங்களும் உண்டு. அதை முதலில் வாசித்து, புரியாத சொற்களுக்குப் பொருள் கண்டபின் ஒளிப்பதிவைப் பாருங்கள். டேட்டாவும் மிச்சமாகும். பார்த்துக்கொண்டே போகாமல், ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நிறுத்தி, கேட்டதைச் சொந்த வசனத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த இடம் விளங்கவில்லை என்று அர்த்தம். ஓதியதை உஸ்தாத் முன் ஒப்புவிக்கும்போது நமது குறை நமக்கே தெரியவரும் அல்லவா? இங்கே அந்த உஸ்தாத்தின் இடத்தில் உங்கள் கொப்பி இருக்கட்டும்.

தொலைபேசியில் பாடம் பார்க்கலாம். ஆனால் புள்ளிக்குரிய பரீட்சையையும் ஒப்படையையும் இயன்றவரை கணினியில் செய்யுங்கள். வீட்டில் இல்லாவிட்டால், அதற்கென ஒரு நாளைக் குறித்து உறவினர் வீட்டிலோ நூலகத்திலோ செய்துகொள்ளலாம்.

நேரத்தை யார் ஒதுக்குவது?

ஆசிரியர் அழைக்காத வகுப்பறையில் மணியடிப்பவரும் நீங்கள்தான். ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் படித்துவிட்டு மூன்று வாரம் திரும்பிப் பார்க்காதிருப்பதைவிட, நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் மேல். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிகளாரின் போதனை இதற்கும் வழிகாட்டும். ஸுபஹுக்குப் பிந்திய அமைதியான நேரம் சிலருக்குப் பொருந்தும். பிள்ளைகள் உறங்கிய பின் இஷாவுக்குப் பிந்திய நேரம் சிலருக்குப் பொருந்தும். எதுவாயினும் ஒரே நேரமாக இருக்கட்டும். படித்து எழும்போது, நாளை எங்கே தொடங்க வேண்டும் என்று கொப்பியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ மகளோ தொலைபேசியுடன் அமர்ந்திருப்பதைக் கண்டதும் "சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிடாதீர்கள். "இன்று எந்தப் பாடம்?" என்று கேளுங்கள். அந்தக் கற்கைநெறியில் இல்லாத ஆசிரியரின் குரல் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ராத்தாவும் தங்கச்சியும் ஒரே கற்கைநெறியைச் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

விடையை விலைக்கு வாங்காதீர்கள்

பரீட்சை வினாக்களுக்கான விடைகள் இணையத்தில் எங்கெங்கோ கிடக்கின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் எழுதித் தரும். விளங்காத இடத்தை விளக்கிக் கேட்பது படிப்பு. புள்ளிக்குரிய விடையை எழுதி வாங்குவது ஏமாற்று. சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கும். நேர்முகப் பரீட்சையில் உங்கள் வாய் பேச வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று காட்டும் தாள் அமானிதத்துக்கு முரணானது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்ஸலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. கணினித் துறையை நாடுவோருக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இலவச இணையவழிப் பயிற்சியை வழங்குகின்றது. பைதன் என்ற நிரல்மொழியின் ஆரம்பப் பாடம் அதில் அடங்கும். ஒரே நேரத்தில் மூன்றில் பதியாமல் ஒன்றில் மாத்திரம் பதியுங்கள். இடையில் விட்ட கற்கைநெறி ஒன்று ஏற்கனவே இருந்தால், புதியதைத் தேடுமுன் அதனுள் ஒருமுறை நுழைந்து, மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் வழி தவறினீர்கள் என்பது அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும். அங்கிருந்து நடந்தால், இன்ஷா அல்லாஹ், முடிக்கலாம்.