டைபாய்டு ஊசி காசு இருக்கிற வீட்டுக் குழந்தைக்கு மட்டும்தானா?

1/ நங்கநல்லூர்ல தனியார் குழந்தை டாக்டர்கிட்ட போனா டைபாய்டு ஊசி போடுவாங்க. விலை ஆயிரத்துக்கு மேல. அதே தெருவுல வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட குழந்தைக்கு? தேசிய இலவசத் தடுப்பூசி அட்டவணையில அந்த ஊசியே இல்லை. இது அநியாயம். ஏன்னு சொல்றேன்.

2/ டைபாய்டு கிருமி சர்க்கரைப் போர்வை ஒண்ணைப் போர்த்திக்கிட்டுதான் உள்ள வரும். காபில போடற சர்க்கரை இல்லைங்க, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலி. பழைய ஊசியில இது மட்டும்தான் இருந்துச்சு. 2 வயசுக்குக் கீழ உள்ள குழந்தையோட உடம்பு வெறும் சர்க்கரையைக் கண்டுக்காது.

3/ அதே சர்க்கரையை ஒரு புரதத்தோட ஒட்டிக் கொடுத்தா டி செல்கள் உதவிக்கு வரும், உடம்பு எதிரியை ஞாபகம் வச்சுக்கும். புது ஊசி இதுதான். 6 மாசக் குழந்தைக்கே போடலாம்.

4/ "ஐயோ கெமிக்கல்"னு வாட்ஸ்அப்ல பதறுறவங்களுக்கு: சர்க்கரையைப் புரதத்துல ஒட்டறது உங்க செல்லுக்குள்ளயே தினமும் நடக்குது. வயித்துப்போக்கு தர்ற கேம்பிலோபாக்டர் கிருமியும் இதைச் செய்யுது. 2002ல அந்த ஒட்டுப் பட்டறையை அப்படியே ஈ.கோலைக்குள்ள மாத்தி வேலை செய்ய வச்சாங்க.

5/ இந்த ஊசி ஹைதராபாத்ல தயாராகுது. 2013ல இங்க அனுமதி. 2018ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சுது. 2019ல பாகிஸ்தான் தன் குழந்தைகளுக்கு இலவசமா போட ஆரம்பிச்சுது. ஊசி நம்மது, பலன் அவங்களுக்கு!

6/ நமக்கு நோய் இல்லையா? வேலூர் சிஎம்சி முன்நின்று நடத்திய ஆய்வு 2023ல வந்துச்சு. டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதிகள்ல வருஷத்துக்கு லட்சம் குழந்தைகள்ல 500 பேருக்கு மேல பாதிப்பு.

7/ "முதல்ல தண்ணியைச் சுத்தமாக்குங்க"ன்னு சொல்வாங்க. நியாயம்தான். ஆனா குழாய் மாத்தி முடிக்க எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் குழந்தை காய்ச்சல்ல கிடக்கணுமா? ஆன்டிபயாடிக் வேற ஒண்ணொண்ணா கை விடுது. ரெண்டும் வேணும்.

8/ முடியாதுன்னு சொல்லாதீங்க. 2018ல நவி மும்பை மாநகராட்சி லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிடுச்சு. தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவும் 2022லயே சரின்னு சொல்லிடுச்சு. அடுத்த தடவை கவுன்சிலர் உங்க தெருவுக்கு வந்தா, ரோடு பத்திக் கேட்டுட்டு இதையும் கேளுங்க: "எங்க குழந்தைக்கு டைபாய்டு ஊசி எப்போ?"