மழை எச்சரிக்கை மலையடித் தெரு வரைக்கும் வரட்டும்!

"புயல் கரையைக் கடந்தாச்சு" என்று செய்தியில் சொன்னால் போதும், ஊரே "அப்பாடா" என்று பெருமூச்சு விடுகிறது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார். ஆபீஸ் போகிறவர் பஸ் ஓடுதா என்று விசாரிக்கிறார்.

கரையைக் கடந்த புயல் எங்கே போகிறது? ஊருக்குள்தான் வருகிறது!

திருவண்ணாமலை மக்கள் இதை மறக்கமாட்டார்கள். 2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் ஓடிவிடவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருவண்ணாமலையில், மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. 7 பேர் பலி. அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

வானிலை இலாகா தூங்கிவிட்டதா? அப்படிச் சொல்வது நியாயமில்லை. கரை கடக்கும்போது அது புயலாக இருக்காது என்றுதான் முதலில் கணித்தார்கள். நவம்பர் 29-ந்தேதி அது புயலாக மாறியதும் அறிவிப்பையும் மாற்றினார்கள். கனமழை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் செய்தார்கள்.

குறை எங்கே என்றால், அந்த அறிவிப்பு மலையடித் தெருவுக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது.

வானிலைக் கணிப்பு ஜோசியம் அல்ல. மேலே செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடிக்கிறது. சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ராடார்கள் அலையை அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஆனால் தூரம் கூடக் கூட ராடார் கதிர் தரையை விட்டு உயரே போய்விடும். உள் மாவட்டத்தில் தரைக்குப் பக்கத்தில் நடப்பது அதன் கண்ணில் சரியாகப் படாது.

புயலையாவது சில நாள் முன்னால் சொல்லலாம். கோடையில் திடீரென்று விழும் ஆலங்கட்டி மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும் காற்று மழைத்துளியை உறைய வைக்கும் குளிருக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. துளி கட்டியாகிக் கீழே விழுகிறது. எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகாது. எந்தத் தெருவில் விழும் என்று முதல்நாளே சொல்ல யாராலும் முடியாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொல்லலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் பாக்கி வேலையை ஊர்தான் செய்யவேண்டும்.

20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் "அதி கனமழை" என்கிறார்கள். கேட்பவருக்கு அது வெறும் நம்பர். ஒரு கிரவுண்டு மனையில் 20 செ.மீ. மழை என்றால் சுமார் 44 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி கிட்டத்தட்ட நாலு! ஒவ்வொரு கிரவுண்டிலும் நாலு லாரி தண்ணியை ஊற்றினால் மலைச்சரிவு மண் என்ன ஆகும்? இப்படிச் சொன்னால் டீக்கடையில் நிற்பவருக்கும் புரியும்.

மண் எப்போது சரியும் என்று சொல்லவே முடியாதா? முடிகிற காரியம்தான். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது. அறிக்கை கொடுக்க முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நம் நீலகிரியும் ஒன்று. திருவண்ணாமலை அந்த முதல் பட்டியலில் இல்லை. இங்கே மலை சரியும் என்று யார் நினைத்தார்கள்?

அதே டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. 13-ந்தேதி கார்த்திகை தீபம். புவியியல் வல்லுநர்கள் மலையேறி மண்ணைச் சோதித்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, பக்தர்கள் மலை ஏற அரசு அனுமதி கொடுக்கவில்லை. மலை உச்சியில் தீபம் மட்டும் வழக்கம்போல் எரிந்தது. பக்தர்களும் மனதைத் தேற்றிக்கொண்டு கீழே நின்றே கும்பிட்டார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நாள் மலை ஏறுகிறவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, 365 நாளும் மலைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவருக்கு வேண்டாமா?

செய்யவேண்டியது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. மலையடியில் மழைமானி வேண்டும். அதைப் பார்க்க, ராத்திரியிலும் ஒரு ஆள் வேண்டும். இத்தனை செ.மீ. தாண்டினால் இந்த இந்தத் தெரு காலி செய்யவேண்டும் என்று மழைக்காலத்துக்கு முன்பே வல்லுநர்களைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். செல்போனில் வரும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத பாட்டியும் இருக்கிறார். அவருக்காக மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போகவேண்டும். போய்த் தங்க ஒரு பள்ளிக்கூடம் திறந்திருக்கவேண்டும். சாவி யாரிடம் என்று அந்த நேரத்தில் தேடக்கூடாது!

சரிவில் வீடு கட்டியவர்கள் ஆசைப்பட்டா அங்கே போனார்கள்? ஊருக்குள் வாடகை கொடுக்கக் கட்டுப்படியாகாமல் போனவர்களே அதிகம். "ஆக்கிரமிப்பு" என்று சொல்லி நகர்ந்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்தால்தான் இறங்கி வருவார்கள்.

வ.உ.சி. நகரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ.5 லட்சம் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. தேவையான உதவிதான். ஒரு மழைமானியும், ஒரு மைக்கும், ஒரு பள்ளிக்கூடச் சாவியும் அதைவிட எவ்வளவோ மலிவு. ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கலெக்டர் அலுவலகமும் மாநகராட்சியும் உட்கார்ந்து பேசி இதை முடிக்கவேண்டும்.